வயிற்றுப் பிள்ளைக்கு என் அழுகை தெரியுமா?

கேட்டவர் திருமங்கலத்தில் பிறந்து சோழவந்தான் பக்கம் வாக்கப்பட்டவர். இப்போது ஏழாம் மாதம். போன வருடம் ஒரு கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்த முறை ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தும் ராத்திரி தூக்கம் இல்லை, நினைத்து நினைத்து அழுகை வருகிறது. “நீ அழுதா புள்ளையும் அழுமூஞ்சியாத்தேன் பொறக்கும்” என்கிறார் அத்தை. அபிமன்யு கதையைச் சொல்லி, கர்ப்பிணிகளுக்கான ஆன்லைன் வகுப்பு ஒன்றில் பல ஆயிரம் கட்டிச் சேரச் சொல்கிறார் மதினி. பிரசவ அறையை நினைத்தாலே கை கால் நடுங்குகிறது. தன் மனசு பிள்ளையைக் கெடுத்துவிடுமோ என்பதுதான் அவர் கேள்வி.

மதுரையில் மகப்பேறு மருத்துவர்கள் அனுப்பும் பெண்களிடம் பேசுவதுதான் என் வேலை. இதே கேள்வியை வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் அழுவதால் பிள்ளை கெடாது. ஆனால் வாரக்கணக்கில் தூங்காமல், ஓயாத பயத்தோடு கிடக்கிறீர்களே, அதை அப்படியே விடக் கூடாது. பிள்ளை இருக்கட்டும், உங்களுக்காகவே விடக் கூடாது. வீட்டில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அழுவதே குற்றமாகிவிடுகிறது, அழுகைக்குக் காரணம் என்ன என்று கேட்க ஆளில்லாமல் போகிறது.

பிள்ளைக்கு என்ன கேட்கும் என்பதிலிருந்து வருவோம். நன்றாக ஆராய்ந்து பார்த்திருக்கிற விஷயம் இது. உள்காது ஆறாம் மாதத்தை ஒட்டி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. 25 முதல் 28 வாரத்துக்குள் சத்தம் கேட்டுப் பிள்ளை அசைவதையும், இதயத் துடிப்பு மாறுவதையும் பார்க்க முடியும். உள்ளே நிசப்தம் ஒன்றும் கிடையாது. உங்கள் இதயத் துடிப்பு, ரத்தம் ஓடுகிற இரைச்சல், குடல் உருளுகிற சத்தம் எல்லாம் இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. வெளியே பேசுகிற பேச்சு சதையையும் பனிக்குடத்து நீரையும் தாண்டிப் போகும்போது எழுத்துகளின் கூர்மை மழுங்கிவிடுகிறது. ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டும் போய்ச் சேர்கின்றன. பக்கத்து வீட்டு டிவி சீரியல் சுவர் தாண்டிக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: குரல் ஏறுவதும் இறங்குவதும் தெரியும், வசனம் பிடிபடாது. தாயின் குரலுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அது காற்று வழியாகவும் போகிறது, அவள் உடம்புக்குள்ளேயே அதிர்ந்தும் போகிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது கேட்கச் சுவையானது. 1980-இல் அமெரிக்காவில் டீகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள் தாண்டாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு தினுசாகச் சப்பினால் சொந்த அம்மாவின் குரல் கேட்கும், வேறு தினுசாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். அந்தப் பொடிசுகள் அம்மாவின் குரல் வருகிறபடி சப்பக் கற்றுக்கொண்டன. 1986-இல் டீகாஸ்பரும் ஸ்பென்ஸும் இன்னும் ஒரு படி போனார்கள். கடைசி ஆறு வாரம் தினமும் ஒரே கதையைக் கர்ப்பிணிகள் சத்தமாக வாசித்தார்கள். பிறந்த பிறகு, வேறொரு பெண் வாசித்தாலும்கூடக் குழந்தைகள் அந்தக் கதையைத்தான் விரும்பிக் கேட்டன. அவை பிடித்துவைத்திருந்தது கதையின் பொருளை இல்லை, அதன் ஓட்டத்தை. 2009-இல் வந்த ஆய்வில், பிரெஞ்சு பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஜெர்மன் பேசும் வீட்டுக் குழந்தைகளும் பிறந்த சில நாட்களிலேயே வேறு வேறு ராகத்தில் அழுவது தெரிந்தது. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை மேல் நோக்கி ஏறியது, ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து இறங்கியது. அவரவர் மொழியின் ஏற்ற இறக்கமும் அப்படித்தான். சோழவந்தானில் இதைச் செய்து பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் உங்கள் பிள்ளைக்கு “இங்கிட்டு வாத்தா” என்பது வார்த்தையாகப் புரிவதற்கு வெகு முன்னாலேயே ராகமாகப் பழகியிருக்கும் என்று நினைக்க நியாயம் இருக்கிறது.

வாசனையும் ருசியும் அப்படியே. பிலடெல்பியாவில் மெனெல்லா என்பவரின் குழு, பூண்டு சாப்பிட்ட கர்ப்பிணிகளின் பனிக்குட நீரில் பூண்டு வாசனை ஏறுவதை 1995-இல் காட்டியது. 2001-இல், கடைசி மாதங்களில் தாய் கேரட் ஜூஸ் குடித்திருந்தால், திட உணவு ஆரம்பிக்கும்போது கேரட் கலந்த கூழைப் பிள்ளை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறது என்றும் பார்த்தார்கள். உங்கள் அம்மா வைக்கும் பூண்டுக் குழம்பு பிள்ளைக்குப் புதிதாக இருக்காது.

வளைகாப்பில் கண்ணாடி வளையல் போடுவது பிள்ளைக்கு அந்த ஓசை கேட்கத்தான் என்பார்கள். உண்மையில், வளையல் சத்தம் போன்ற கீச்சு ஓசைகள்தான் உள்ளே போவதற்குள் அதிகம் தேய்கின்றன. அதற்காக வளைகாப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதன் பலனை வேறு இடத்தில் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன்.

இப்போது அபிமன்யு. சக்கர வியூகத்துக்குள் நுழைகிற வழியைக் கருவிலேயே கேட்டான், வெளியே வருகிற வழியைச் சொல்வதற்குள் சுபத்திரை தூங்கிவிட்டாள் என்பது கதை. கவனித்தீர்களா, அதிலும் பழி தாயின் தூக்கத்தின் மேல்தான் விழுகிறது. கதையைக் கதையாக ரசிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் குரலை அடையாளம் காண்பது வேறு, பாடம் கற்பது வேறு. கருவில் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் மனதில் ஓடுகிற நினைப்பு தெரியாது. “இது நிலைக்குமா” என்று நீங்கள் நினைப்பதை அது படித்துவிட்டுக் கவலைப்படாது. நமக்கு மூன்று வயதுக்கு முன்னால் நடந்தவையே அநேகமாக நினைவில் நிற்பதில்லை. பிறந்த நொடியும் கருவறையும் ஞாபகமாகத் தங்குகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை.

அந்த ஆன்லைன் வகுப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூச்சுப் பயிற்சியும் நாலு கர்ப்பிணிகளோடு பேசக் கிடைக்கிற துணையும் வேண்டும் என்று சேர்ந்தால் நல்லதுதான். பிள்ளையின் அறிவு கூடும், குணம் மாறும் என்று சொல்லி வாங்குகிற காசு வீண். வயிற்றில் ஸ்பீக்கரை ஒட்டிவைத்துப் பாட்டுப் போடவும் வேண்டாம். பிள்ளை அங்கே பெரும்பாலும் தூங்குகிறது, தூங்க விடுங்கள். பூக் கட்டிக்கொண்டே நீங்கள் அம்மாவிடம் போனில் பேசினால் அதற்குப் போதும்.

பிறப்புதான் மனிதனுடைய எல்லாப் பதற்றத்துக்கும் வேர் என்று ஒரு கட்சி உண்டு. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் சீடராக இருந்த ஓட்டோ ராங்க் 1924-இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார், குருவோடு பிரியவும் அது ஒரு காரணமாயிற்று. இப்போதும் “உங்களைக் கருவறைக்கே கூட்டிப்போகிறோம்” என்று தியான வகுப்பு நடத்துகிறவர்கள் அந்த வழியில் வந்தவர்களே. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நம்ம மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூர்க்காரர் மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் சொல்லியிருப்பது இதைவிட நிதானமாகப் படுகிறது. கருவில் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கண்டத்திலிருந்து உயிர் தப்பி வருவதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், பத்தாம் மாதத்துக்கு வரும்போது அதைத் தாயோடு சேர்ந்து படுகிற துயரம் என்கிறார். தாயால் வந்தது என்று சொல்லவில்லை.

சரி, மன உளைச்சலால் பிள்ளைக்கு ஒன்றுமே ஆகாதா? ஆகலாம். எவ்வளவு, எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பயத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு என்சைம் பெருமளவு செயலிழக்கச் செய்துதான் பிள்ளைப் பக்கம் விடுகிறது. நீடித்த, கடுமையான நெருக்கடியில் அந்தத் தடுப்பு தளரலாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான தாய்மாரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் பதற்றம் மிக அதிகமாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு நான்கு வயதில் நடத்தைச் சிக்கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. கேட்டதும் பகீரென்று இருக்கும். ஆனால் சிறிய எண் இரு மடங்கானாலும் சிறிய எண்ணாகவே இருக்கலாம். அந்தத் தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தார்கள்.

இன்னொன்று கனடாவில். 1998 ஜனவரியில் கியூபெக் மாகாணத்தில் உறைமழை பெய்து மின்கம்பங்கள் சாய்ந்து, அந்தக் குளிரில் சில வீடுகள் ஒரு மாதத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தன. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வயதில் பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் மதிப்பெண் குறைந்தவர்கள் யார் என்றால், தாய் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தாள், எத்தனை முறை வீடு மாறினாள் என்ற நேரடிக் கஷ்டம் அதிகம் இருந்தவர்கள்தான். தாய் எவ்வளவு கலங்கினாள் என்பதைவிட, அவள் எந்த நிலைமையில் விடப்பட்டாள் என்பதே அதிகம் கணக்கில் வந்தது. இதை உங்கள் அத்தையிடம் அப்படியே சொல்லலாம்.

நம்ம பக்கத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் தெளிவு. வேலூர் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு வந்தது என்று பார்த்தால், வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றவர்களோடோ மனஸ்தாபம் உள்ளவர்கள், கர்ப்பத்தின்போது துக்கமோ இடியோ சந்தித்தவர்கள், கூடமாட உதவ ஆள் இல்லாதவர்கள். இந்தப் பட்டியலில் பெண்ணின் மனத்திடம் ஒரு வரியாகக்கூட இல்லை. எல்லாமே அவளைச் சுற்றியிருப்பவை. “நீ சந்தோசமா இரு, அப்பத்தேன் புள்ள நல்லாருக்கும்” என்று அவளிடம் சொல்கிற வீட்டார், அந்தப் பட்டியலைத் தங்கள் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அதிலும் அந்த ஆண் பிள்ளை எதிர்பார்ப்பு. “வயிறு கூம்பா இருக்கு, பையன்தேன்” என்று பக்கத்து வீட்டு அப்பத்தா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். கேட்டவளுக்கு அன்றிலிருந்து ஒரு பரீட்சை ஆரம்பமாகிவிடும். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெயர் 1980-களில் பெண் சிசுக் கொலைக்காக நாடெங்கும் அடிபட்டதும், 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலம் மாறிவிட்டது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம். ஆனாலும் பிள்ளை பிறந்ததும் வராண்டாவில் காத்திருப்பவர்களின் முகத்தைப் பிரசவித்தவள் இன்னும் பார்க்கிறாள். செவிலியர் “பொம்பளப் புள்ள” என்றதும் விழுகிற அந்த ஒரு நொடி மௌனம் அவளுக்குள் எவ்வளவு நாள் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் உயிரணுவைப் பொறுத்தது. இதையும் நாம் பெண்ணிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், சொல்ல வேண்டிய இடம் வேறு.

வளைகாப்புக்கு வருகிறேன். ஒரு நாள் முழுக்க, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, அஞ்சு வகைச் சாதம் கொடுத்து, சொந்தபந்தம் எல்லாம் அவள் கையைத் தொட்டு வளையல் போடுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எழுந்து வேலை பார்க்காத ஒரு நாள் பல பேருக்கு அதுதான். அங்கன்வாடிகள் மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில், வீட்டில் செய்ய வசதியில்லாத பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தியிடம் ஒருத்தி “உனக்கும் தூக்கம் வரலையா?” என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஆன்லைன் வகுப்பும் இதற்கு ஈடாகாது. அதன்பின் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போகிற வழக்கத்திலும் நல்லது உண்டு, சிக்கலும் உண்டு. அம்மா கையில் சாப்பாடு, நினைத்த நேரம் படுக்கை. அதே சமயம் டாக்டர் மாறுவார், ஆஸ்பத்திரி மாறும், புருஷன் பிரசவம் வரைக்கும் விருந்தாளியாகிவிடுவார். நீங்கள் திருமங்கலம் போவதாக இருந்தால் கடைசி நேரத்துக்கு விடாமல் முன்கூட்டியே போய், அங்கே பார்க்கப்போகும் டாக்டரிடம் இரண்டு மூன்று செக்கப்பாவது முடித்துவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிந்தது நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது: போன வருடம் கலைந்த கரு. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படிக் கலைகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அதில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களிலேயே இருந்த கோளாறு. ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் போனதும், ஒரு துண்டு பழுத்த பப்பாளி சாப்பிட்டதும், யாரோ கண் வைத்ததும் காரணம் இல்லை. உங்கள் கவலையும் காரணம் இல்லை.

ஆனால் இந்த விளக்கத்தால் துக்கம் தீராது என்பதும் எனக்குத் தெரியும். நம் ஊரில் ஒரு சாவுக்குக் கேதம் கேட்க வருவார்கள், பதினாறு நாள் கணக்கு உண்டு, அழ இடம் உண்டு. மூன்றாம் மாதத்தில் போன கருவுக்கு இதில் எதுவும் கிடையாது. “வயசிருக்கு, அடுத்தது தங்கும்” என்று இரண்டு வார்த்தை, மறுநாள் அடுப்படி. அதனால் அந்த அழுகை எங்கேயும் போகாமல் நின்று, இந்தப் பிள்ளையின் மேல் பயமாக இறங்குகிறது. ஒரு முறை இழந்தவர்கள் அடுத்த கர்ப்பத்தில் கூடுதலாகப் பதறுவது மிகச் சாதாரணம். பிள்ளை மேல் ஆசை வைக்கவே பயந்து, துணி வாங்காமல், பெயர் யோசிக்காமல் தள்ளிப்போடுவார்கள். ஆசைப்பட்டால் மறுபடி போய்விடுமோ என்ற எண்ணம் அது. நீங்களும் அப்படி இருந்தால், பிள்ளை மேல் பாசம் இல்லை என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். போன பிள்ளையைப் பற்றி வீட்டுக்காரரிடம் வாய்விட்டுப் பேசியிருக்கிறீர்களா? அவரும் அதைச் சொல்ல ஆளில்லாமல் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். மனச்சோர்வு தகப்பன்மாருக்கும் வருகிறது, அவர்களிடம் யாரும் கேட்பதுகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கே. வயிற்றில் பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், “நான்தான் பயந்து சாகிறேன்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே போய்ப் பார்த்துவிடுங்கள். ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது நல்ல செய்தி, அவமானம் இல்லை.

பிரசவ பயம். தலைப்பிரசவத்துக்குப் பயப்படாத பெண்ணை நான் பார்த்ததில்லை. சிலருக்கு அது முற்றி, ராத்திரி கனவில் வந்து, “வலியே வேண்டாம், நேரா ஆபரேஷன் பண்ணிருங்க” என்று கேட்கும் அளவுக்குப் போகும். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் கூடும். போதாததற்கு, மிகுந்த பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசினின் வேலையைத் தாமதப்படுத்தக்கூடும். ஆகவே பயத்தைக் குறைப்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, பிரசவத்துக்கே உதவுகிற வேலை.

எது பயத்தைக் குறைக்கிறது? அறிவுரைகளைவிடத் துணை. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பார்த்தார்கள். வலி நேரம் முழுக்க ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பான நினைவும் குறைகிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு பெண் துணையை உள்ளே அனுமதிக்கிற ஏற்பாடு ஏற்கனவே உண்டு. தனியாரில் இடத்துக்கு இடம் மாறும், முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். மாமியார் வருவதுதான் முறை என்று வீட்டில் சொல்லலாம். உங்களுக்குச் சின்னம்மா வந்தால்தான் தெம்பு என்றால் சின்னம்மா வரட்டும். “எங்க காலத்துல வீட்டுலயே ஏழு பெத்தோம்” என்று கதை சொல்லுகிறவரை வெளியே பிளாஸ்க்கோடு உட்காரவைத்துவிடலாம்.

பிரசவ அறையை முன்கூட்டியே ஒரு முறை காட்டச் சொல்லிக் கேளுங்கள். கட்டில் எப்படி இருக்கும், எத்தனை பேர் வருவார்கள், உள்பரிசோதனை எதற்கு, எப்போது செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் பாதி நடுக்கம் அடங்கிவிடும். பல பெண்கள் வருடங்கள் கழித்தும் என்னிடம் சொல்லி அழுவது வலியைப் பற்றி இல்லை. “கத்தாத” என்று அதட்டிய குரலைப் பற்றி, சொல்லாமல் கொள்ளாமல் துணியை விலக்கிய கையைப் பற்றி. மரியாதையாக நடத்தப்படுவதும் மருத்துவத்தின் பகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. “என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லிட்டுச் செய்ங்க சிஸ்டர்” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

சிசேரியன் ஆகிவிட்டால்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் பிரசவங்கள் சிசேரியன். இவ்வளவு அதிகமாக இருக்க வேண்டுமா என்பது தனி வழக்கு. ஆனால் ஆபரேஷன் ஆனவளைப் பார்த்து “வலியில்லாம பெத்துட்ட” என்கிறவர்கள், தையலோடு எழுந்து பால் கொடுப்பதைப் பார்க்காதவர்கள். பிள்ளையோடு ஒட்டுதல் அதனால் குறையாது. பிறந்ததும் பிள்ளையை உங்கள் வெறும் நெஞ்சின் மேல், தோலோடு தோலாகப் போடச் சொல்லுங்கள், சிசேரியனிலும் அநேகமாக முடியும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளையைப் பார்த்த நொடியே பாசம் பொங்கும் என்பது எல்லோருக்கும் நடப்பதில்லை. சிலருக்குக் களைப்புதான் முதலில் வரும், பாசம் கொஞ்ச நாள் கழித்து மெல்ல வரும்.

பிறகு மூன்றாம் நாள். நஞ்சு விழுந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் திடீரென இறங்கும், மார்பில் பால் கட்டும், தூக்கம் இருக்காது, சரியாக அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பார்க்கக் கூட்டம் வரும். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு முதல் வார்த்தை “என்ன, கறுப்பா இருக்கு?” இரண்டாவது வார்த்தை “பால் பத்தலையோ, அழுதுக்கிட்டே இருக்கு?” முதல் நாட்களில் பிள்ளைக்குத் தேவையே கொஞ்சம்தான், சீம்பால் அதற்குப் போதும், சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி தாயை உடைத்துவிடும். பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு இந்த நாட்களில் காரணமே இல்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகும். வீட்டார் செய்ய வேண்டியது வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு அவளைத் தூங்கவிடுவது. பத்தியத்தில் பூண்டும் கருவாடும் இருக்கட்டும், ஆனால் “தண்ணி குடிச்சா வயிறு போடும்” என்று தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வரவில்லை, “நான் இல்லாட்டா எல்லாரும் நல்லாருப்பாங்க” என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு, சிகிச்சை வேண்டும். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் கணக்கிட்டபோது பிரசவித்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு இது இருந்தது. கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இப்போதே ஒருவரிடம் காட்டுவது நல்லது. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோவில் 1987-இல் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் தமிழிலும் உண்டு, ஐந்து நிமிட வேலை. கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும், ஹீமோகுளோபின் குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் இதே களைப்பும் பதற்றமும் காட்டும். பலருக்குப் பேச்சுச் சிகிச்சையே போதும். மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்றவை கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் நெடுநாளாகப் பயன்பாட்டில் உள்ளவை. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கிற சோடியம் வால்ப்ரோயேட் போலத் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஏற்கனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை என்பதால் எழுதிவிடுகிறேன். “பிள்ளையக் கீழ போட்டுருவேனோ”, “கத்தி பக்கத்துல இருக்கே” என்று வேண்டாத எண்ணம் திடீரென்று வந்து திடுக்கிட வைப்பது புதுத் தாய்மாரில் மிகப் பலருக்கு நடக்கிறது. அந்த எண்ணம் அவளை அருவருக்க வைக்கிறது என்றால், அவள் அதைச் செய்யப்போகிறவள் இல்லை. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள், சொன்னால் இதற்கும் வைத்தியம் உண்டு.

முற்றிலும் வேறான ஒரு மனநோய் உண்டு, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ பிள்ளையை மாற்றிவிட்டதாகச் சந்தேகப்பட்டு, காதில் குரல் கேட்பதாகச் சொல்வாள். நம்ம பக்கம் உடனே “பச்ச உடம்புல காத்துக் கருப்பு அண்டிருச்சு” என்று முனி கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் அன்றைக்கே, மறுநாள்கூட இல்லை, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மதுரை பெரியாஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அவளையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது. சிகிச்சை கொடுத்தால் நன்றாகத் தேறுகிற நோய் இது.

உங்களுக்கு இப்போதைக்கு இந்த அளவு ஒன்றும் இல்லை. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது பிரஷரும் எடையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், மனசைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். நீங்களே “டாக்டர், ரெண்டு மூணு வாரமா தூக்கமில்ல, அழுகை வருது, போன தடவை கலைஞ்சதுல இருந்து பயமா இருக்கு” என்று இந்த வரிசையில் சொல்லிவிடுங்கள். வாய் வரவில்லை என்றால் மகப்பேறு புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்து நீட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசுவார்கள். செக்கப்புக்கு வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். வெளியே பைக்கில் உட்காராமல் உள்ளே வரச் சொல்லுங்கள்.